துபாயில் இந்துப்பு விளைகிறதா?

ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய், திப்பிலி, அதிமதுரச் சாக்குகளுக்கு நடுவே வெளிர்சிவப்புக் கட்டிகளாக இந்துப்பு குவிந்திருக்கும். சூரணம் இடிப்பவர்கள் மட்டும் வாங்கிய காலம் போய், இப்போது ரத்தக் கொதிப்புக்குப் பயந்தவர்கள் எல்லாரும் வாங்குகிறார்கள். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் கடைக்காரர் "வடக்கிலிருந்து வருகிறது" என்பார். அது பொய் இல்லை. வடக்கே, இன்னும் வடக்கே, எல்லை தாண்டிப் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் கேவ்ரா என்ற இடத்தில் மலையைக் குடைந்து உப்பு எடுக்கிறார்கள். இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த இந்துப்பில் பெரும்பகுதி அந்தப் பக்கத்துச் சரக்குதான்.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதல் நடந்தது. 16ஆம் தேதி, பாகிஸ்தானில் விளைந்த, எடுத்த, செய்த எந்தப் பொருளாக இருந்தாலும் 200 சதவீதச் சுங்கம் என்று அறிவிப்பு வந்தது. ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு இரண்டு லட்ச ரூபாய் வரி. யாரும் வாங்க வேண்டாம் என்பதை வரியின் மொழியில் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் கடைகளில் இந்துப்பு தீர்ந்துபோகவில்லை. இறக்குமதிக் கணக்கில் நாடுகளின் பெயர்கள்தான் மாறின. ஐக்கிய அரபு அமீரகம், ஈரான் என்று புதியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஈரானிலாவது உப்பு மலை உண்டு. துபாயில் எந்த மலையைக் குடைந்தார்கள் என்பதை அந்தக் கணக்குப் புத்தகம் சொல்வதில்லை.

நான் தம்புச் செட்டித் தெருவில், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ராஜாஜி சாலையில் சுங்க இல்லத்தின் வாசலுக்கும் எங்கள் மாடிப்படிக்கும் நடந்தே போகிற தூரம். இறக்குமதிச் சரக்குக்கு நாங்கள் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி என்ற படிவத்தில் நாட்டைப் பற்றி இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, சரக்கு பிறந்த நாடு. மற்றொன்று, சரக்கை அனுப்பிய நாடு. பொதுவாக மக்கள் கவனிப்பது இரண்டாவதை. வரி பார்ப்பது முதலாவதை. தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த என்னிடமும் "அதெல்லாம் சரி, சொந்த ஊர் எது?" என்று விடாமல் கேட்பார்களே, அந்தக் கேள்வியைத்தான் சுங்கத் துறை பெட்டி பெட்டியாகக் கேட்கிறது. கொழும்பில் கப்பல் மாறியது, சிங்கப்பூரில் பத்து நாள் கிடந்தது, துபாய்க்காரன் பில் போட்டான் என்பதெல்லாம் பதில் ஆகாது. எங்கே விளைந்தது, எங்கே உருவானது?

உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை விதி, உறுப்பு நாடுகள் எல்லாருக்கும் ஒரே வரி என்பது. அதே அமைப்பின் விதிகளில் ஒரு பெரிய கதவும் திறந்திருக்கிறது: இரண்டு நாடுகளோ பல நாடுகளோ தங்களுக்குள் தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டால் வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அந்தக் கதவு வழியாக இந்தியா நிறைய நடந்திருக்கிறது. இலங்கையோடு செய்த ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகளோடு 2010 ஜனவரியில். அமீரகத்தோடு 2022 மே மாதத்தில், ஆஸ்திரேலியாவோடு அதே ஆண்டு டிசம்பரில். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒரே பொருளுக்கு ஐந்தாறு வரிவிகிதங்கள் இருப்பது எங்கள் தொழிலில் சாதாரணமாகிவிட்டது.

பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிமுனைக்குப் பின்னால் ஈவினிங் பஜார் பக்கம் மொத்த விலைக்கு விற்கிறார்களே, அந்தப் பொம்மைகள். 2020 வரை அடிப்படைச் சுங்கம் 20 சதவீதம். அந்த ஆண்டு பட்ஜெட்டில் ஒரேயடியாக 60 ஆனது, 2023இல் 70. சீனத்துப் பொம்மையைக் குறி வைத்த வரி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சட்டத்தில் சீனாவின் பெயர் எழுதவில்லை. எல்லா நாட்டுக்கும்தான் 70. வியட்நாமிலோ மலேசியாவிலோ செய்த பொம்மைக்கு மட்டும் ஆசியான் ஒப்பந்தத்தின் கீழ் சுழியம். நூறு ரூபாய்ப் பொம்மைக்கு ஒரு பக்கம் எழுபது ரூபாய், மறுபக்கம் ஒன்றுமில்லை. ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. இருவருக்கும் உண்டு. தரச் சான்று 2021 ஜனவரியிலிருந்து இருவருக்கும் கட்டாயம். மிச்சமிருக்கும் வேறுபாடு அந்த எழுபது ரூபாய்தான்.

எழுபது ரூபாய் இடைவெளியைப் பார்க்கும் வியாபாரிக்கு என்ன தோன்றும்? எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு மொத்த வியாபாரிக்கும் அதுதான் தோன்றியது. "சீனாவிலிருந்து பாகங்களாக வியட்நாமுக்கு அனுப்புகிறார்கள், அங்கே பூட்டுகிறார்கள், வியட்நாம் சான்றிதழோடு வருகிறது. ஓர் ஆளைத் தெரியும்" என்றார். நான் கணினியில் பொம்மையின் சுங்க வகை எண்ணை எடுத்துக் காட்டினேன். ஆசியான் ஒப்பந்தத்தில் பொதுவாக இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். பொருளின் ஏற்றுமதி மதிப்பில் 35 சதவீதமாவது அந்தப் பகுதியில் சேர்ந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் ஆறு இலக்கச் சுங்க எண்ணும் முடிந்த பொருளின் ஆறு இலக்க எண்ணும் வேறாக இருக்க வேண்டும். சீனத்துப் பிளாஸ்டிக் மணிகளை வியட்நாமில் உருக்கி அச்சில் வார்த்துப் பொம்மை செய்தால் எண் மாறிவிடும். சுங்க அட்டவணையில் பிளாஸ்டிக் மணி 39ஆம் அத்தியாயம், பொம்மை 95ஆம் அத்தியாயம். ஆனால் பொம்மைக்கென்றே செய்த கை, கால், சக்கரம் எல்லாம் பொம்மையோடு சேர்த்து 9503 00 என்ற அதே எண்ணில்தான் வகைப்படும். கை கால்களைக் கொண்டுபோய்ப் பூட்டினால் எண் மாறாது. எண் மாறாவிட்டால் பொம்மை வியட்நாமில் பிறக்கவில்லை. பூட்டுவது, பெட்டியில் போடுவது, சீட்டு ஒட்டுவது மாதிரியான வேலைகளுக்குப் பிறப்புரிமை கிடையாது என்று தனியாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"அப்படியென்றால் இப்போது வருகிற சரக்கெல்லாம்?" என்று கேட்டார் அவர். எல்லாம் போலி என்று நான் சொல்ல மாட்டேன். வியட்நாமில் உண்மையாகவே பெரிய பொம்மை ஆலைகள் இருக்கின்றன. சிக்கலே அதில்தான்: நல்ல சரக்கும் கள்ளச் சரக்கும் ஒரே மாதிரித் தாளோடு வருகின்றன. அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். பிறகு வேறு கிளியரிங் ஏஜென்டிடம் போனாரா என்று நான் விசாரிக்கவில்லை.

மிளகு இதைவிடச் சுவையான கதை. மிளகுக்கு இந்தியாவின் பொதுச் சுங்கம் 70 சதவீதம். இலங்கை மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் வரை சுழியம், அதற்கு மேல் தெற்காசிய ஒப்பந்தத்தின்படி 8 சதவீதம். உலகத்தில் அதிகமாக மிளகு விளைவிப்பது வியட்நாம். ஆசியான் ஒப்பந்தம் இருந்தும் மிளகை இந்தியா வரியை முழுதாக நீக்காத சிறப்புப் பட்டியலில் வைத்துவிட்டதால், வியட்நாம் மிளகுக்குச் சலுகை குறைவுதான். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். வியட்நாமிலிருந்து சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வரும் பெட்டிகளில் பல கொழும்பில்தான் கப்பல் மாறுகின்றன. கொழும்பில் மாறும்போது சரக்கின் நாடும் சேர்ந்து மாறிவிட்டால்? குடகிலும் வயநாட்டிலும் மிளகு விவசாயிகள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

அரசு 2017 டிசம்பரில் ஒரு வழி கண்டது. கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். பாக்குக்கும் இதே மருந்து. அங்கே சுங்கம் 100 சதவீதம் இருந்தும் போதாமல், 2023இல் குறைந்தபட்ச விலையைக் கிலோவுக்கு 351 ரூபாய் ஆக்கினார்கள். மண்டிக்காரர்களிடம் பேசிப் பாருங்கள், இந்த மருந்தைப் பற்றி ஒரு புன்னகையோடுதான் பேசுவார்கள். 350 ரூபாய் மிளகுக்கு 500 ரூபாய் பில் போடுவது அப்படி ஒன்றும் கடினமான வேலை இல்லை. வரியே இல்லாத சரக்குக்கு மதிப்பை ஏற்றிக் காட்டுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

இலங்கை வழி இன்று கண்டுபிடித்தது அல்ல. ஒப்பந்தம் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே இந்தியத் தொழிலதிபர்கள் அங்கே போய் வனஸ்பதி ஆலைகளும் செம்புத் தொழிற்சாலைகளும் தொடங்கினார்கள். இலங்கையில் செம்புச் சுரங்கம் கிடையாது. வனஸ்பதிக்கு வேண்டிய பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தது. இந்தியாவில் நேராகப் பாமாயில் இறக்கினால் பெரிய வரி, இலங்கையில் குறைந்த வரி. அங்கே வனஸ்பதியாக்கி இங்கே கொண்டுவந்தால் வரியே இல்லை. ஆலைகள் சட்டத்துக்கு உட்பட்டவைதான். இந்தியா கடைசியில் அளவுக் கட்டுப்பாடு போட்ட பிறகு அந்த ஆலைகள் படுத்துவிட்டன. இரண்டு வரிவிகிதங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிதான் அந்தத் தொழிலின் ஒரே மூலப்பொருள். அது தீர்ந்ததும் தொழில் தீர்ந்தது.

பிறந்த நாட்டைப் பார்த்து வரி போடுவது வட சென்னைக்குப் புதிது இல்லை; இந்த ஊரே ஒரு வகையில் அதில் அடிபட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலைக்குத் துணி வெளுக்கத்தான் வண்ணாரப்பேட்டை. துணி நெய்யத்தான் 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியேற்றினார். இன்றைய காலடிப்பேட்டை அது. அதற்கு முன்பே, 1700இல், இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. இந்தியா, பாரசீகம், சீனம் ஆகிய நாடுகளில் வண்ணம் தீட்டிய, அச்சிட்ட, சாயமேற்றிய பருத்தித் துணியை அங்கே பயன்படுத்தத் தடை. வெள்ளைத் துணிக்குத் தடை இல்லை. விளைவு என்ன? வெள்ளைத் துணியாக வாங்கிப்போய் லண்டன் பக்கத்தில் அச்சடிக்கும் தொழில் வளர்ந்தது. துணி இங்கே பிறந்தது, பூ அங்கே பிறந்தது. அதையும் பொறுக்காத கம்பளி, பட்டு நெசவாளர்கள் கலகம் செய்து, 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்று இன்னொரு சட்டம் வாங்கினார்கள்.

இருநூறு ஆண்டுகள் கழித்து ஆட்டம் திரும்பியது. 1930இல் இந்தியாவுக்குள் வரும் பிரிட்டிஷ் துணிக்கு 15 சதவீதம், மற்ற நாட்டுத் துணிக்கு 20 என்று தொடங்கினார்கள். மலிவான ஜப்பான் துணி வந்து குவியக் குவிய, 1933இல் பிரிட்டனின் மான்செஸ்டர் துணிக்கு 25, ஜப்பான் துணிக்கு 75 என்ற இடத்தில் வந்து நின்றது. சென்னைத் துறைமுகத்தில் அன்றைக்குத் துணிப் பேல் இறக்கிய குமாஸ்தாவும் என் மாதிரியே பிறந்த ஊரைத்தான் தேடியிருப்பார். ஜப்பான் பதிலுக்கு இந்தியப் பருத்தியை வாங்க மாட்டேன் என்றது. பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, இவ்வளவு பருத்திக்கு இவ்வளவு துணி என்று கணக்கு முடித்தார்கள். இன்று செய்தியில் படிக்கிற எல்லாமே அங்கே இருக்கிறது.

சரி, இன்றைக்கு வருவோம். என் குறை வரியைப் பற்றியது இல்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டோடு நட்பாக இருக்கலாம், பகையாக இருக்கலாம், தன் விவசாயியைக் காக்கலாம். அதற்கெல்லாம் வரி ஒரு கருவி, இருக்கட்டும். பிறப்பை நிரூபிக்கும் சுமையை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. முன்பெல்லாம் அனுப்பும் நாட்டு அரசு நிறுவனம் கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்டினால் பெரும்பாலும் போதும். 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்கீழ் வந்த விதிகள் அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கின்றன. கரோட்டார் என்று எங்கள் தெருவில் பேர். சான்றிதழ் மட்டும் போதாது. பொருள் எப்படிச் செய்யப்பட்டது, எந்த மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, மதிப்புக் கணக்கு என்ன என்பதையெல்லாம் இறக்குமதியாளரே தெரிந்து கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

பெரிய கார் கம்பெனிக்கு இது ஒரு பொருட்டில்லை. அவர்களிடம் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், தாய்லாந்து ஆலையும் பெரும்பாலும் அவர்களுடையதே. வருஷத்துக்கு நாலு பெட்டி இறக்கும் மண்ணடி பாய்க்கு அப்படியா? தன் சரக்கின் அடக்க விலை எவ்வளவு, மூலப்பொருளை யாரிடம் வாங்குகிறேன் என்று எந்த ஆலைக்காரன் வாடிக்கையாளரிடம் சொல்வான்? கேட்டால் "உனக்கு வேண்டியது சரக்கா, என் கணக்குப் புத்தகமா?" என்பான்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு இந்தோனேசியாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. கப்பல் கிளம்பிய பிறகுதான் அங்கே சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அது தப்பில்லை, பின்தேதியில் கொடுத்தது என்று தாளில் முத்திரை இருந்தால் போதும், ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. முத்திரை இல்லை. ஒரு ரப்பர் முத்திரை. பெட்டி மணலிப் பக்கத்து சரக்குப் பெட்டிக் கிடங்கு ஒன்றில் கிடந்தது. கிடங்கு வாடகை ஒரு பக்கம், கப்பல் கம்பெனியின் பெட்டி வாடகை ஒரு பக்கம் ஓடியது. யாரிடம் போய் விளக்குவது? 2020 ஜூன் 8 அன்று நாட்டிலேயே முதலாவதாகச் சென்னையிலும் பெங்களூரிலும் முகமில்லா மதிப்பீடு தொடங்கியதிலிருந்து, சென்னையில் தாக்கல் செய்த பில்லை வேறு ஊரில் ஓர் அதிகாரி பார்க்கிறார். லஞ்சத்துக்கு இடம் குறைந்தது, நல்லதே. மேசைக்கு முன்னால் நின்று தாளைக் காட்டி இரண்டு நிமிடம் பேசித் தீர்க்கிற வழியும் அதோடு போனது. கேள்வி திரையில் வரும், பதிலைத் திரையில் எழுத வேண்டும், அடுத்த கேள்விக்குக் காத்திருக்க வேண்டும். கடைசியில் வரி வித்தியாசத் தொகைக்குப் பிணை கொடுத்துச் சரக்கை எடுத்தோம். சான்றிதழைச் சரிபார்க்கும் கடிதம் இந்தோனேசியாவுக்குப் போயிற்று. சட்டத்தில் அதற்கும் வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு கெடு சொல்லாவிட்டால் அறுபது நாள். வாடிக்கையாளருடைய லாபம் அந்த இடைவெளியிலேயே கரைந்துவிட்டது. அடுத்த முறை "சலுகையே வேண்டாம், முழு வரி கட்டிவிடுகிறேன்" என்றார்.

இதைச் சொன்னால், கடுமை இல்லாவிட்டால் கள்ளச் சரக்கு வருமே என்பார்கள். கடுமை இருக்கும்போதும் வருகிறது. 2025 மே மாதம் பாகிஸ்தான் சரக்கு எந்த வழியாகவும் வரக் கூடாது என்று முழுத் தடையே வந்தது. அடுத்த மாதமே மும்பைப் பக்கம் நவசேவா துறைமுகத்தில் 39 பெட்டிகளில் 1,115 டன் சரக்கை வருவாய்ப் புலனாய்வுத் துறை பிடித்தது. பெரிதும் காய்ந்த பேரீச்சை, துபாய் வழியாக, அமீரகச் சரக்கு என்ற பெயரில். அந்தப் பெட்டிகளில் தாள் குறையிருக்க வாய்ப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முத்திரை விட்டுப்போவதெல்லாம் நேர்மையாக வியாபாரம் செய்கிறவனுக்குத்தான். இரண்டு நாட்டுச் சுங்கத் துறைகளும் நேரடியாகத் தங்களுக்குள் கணினி வழியே சான்றிதழைப் பரிமாறிக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். எழுபதுக்கும் சுழியத்துக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைக் கொஞ்சம் தூர்த்தால் மீதியும் தீரும். பள்ளத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதைத் தாண்டுகிறவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது வீண்.

நம் சரக்கு வெளியே போகும்போதும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பழவேற்காடு, பொன்னேரிப் பக்கத்துப் பண்ணைகளில் வளர்வது வனாமி இறால். லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரை அதன் பூர்வீகம். ஈக்வடாரிலும் அதே இறாலைத்தான் வளர்க்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீது கூடுதல் வரியை 50 சதவீதம் ஆக்கியபோது ஈக்வடாருக்கு 15, வியட்நாமுக்கு 20. இந்தியாவுக்குப் போட்ட 50இல் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். இறாலுக்கு அதற்கும் மேல், மலிவாகக் கொட்டுகிறார்கள் என்று போட்ட பழைய பொருள்குவிப்புத் தடுப்பு வரி வேறு. எண்ணெய் வாங்கியவர் யார், வலையும் குட்டையுமாக நிற்பவர் யார்? கூடவே, நாட்டை மறைத்து வேறு வழியாக வந்த சரக்கு என்று கண்டால் 40 சதவீதம் என்று ஒரு விதியும் போட்டார்கள். பள்ளம் வெட்டிய கையோடு வேலியும் போட வேண்டியிருந்தது அவர்களுக்கும்.

சென்ற மாதம் கொத்தவால்சாவடியில் மளிகை மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இலங்கை மிளகுக்கு வந்த விலைப்பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். சுழிய வரிக்குச் சான்றிதழ் தருகிறார்களாம், எத்தனை டன் வேண்டுமானாலும் தருகிறார்களாம்.

"எந்த மாவட்டத்து மிளகு, எந்த வியாபாரியிடம் கொள்முதல், எந்த ஆலையில் சுத்தம் செய்தது என்று ஒரு தாள் வாங்குங்கள் அண்ணாச்சி. மாத்தளையா, கண்டியா என்றாவது சொல்லட்டும்" என்றேன்.

"அதைக் கேட்டுவிட்டேன் தம்பி. எந்த மாவட்டம் என்று வேண்டுமோ அதைப் போட்டுத் தருகிறேன் என்கிறான்."

கொல்லிமலை மிளகு என்ன விலை போகிறது என்று பேச்சை மாற்றினோம். கிலோவுக்கு எவ்வளவு அதிகம் என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, விலைப்பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார் அவர்.